ஒரே தேதியில் நடந்தவை: எது தற்செயல், எது இல்லை?

1826-ஆம் ஆண்டு ஜூலை 4. அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனத்துக்கு அன்றோடு சரியாக ஐம்பது வயது. நாடு முழுக்கப் பொன்விழாக் கொண்டாட்டம். அந்தப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் அன்று மதியவாக்கில் வர்ஜீனியாவில் இறந்துபோனார். சில மணி நேரம் கழித்து, அதே பிரகடனத்துக்காக அவரோடு நின்று வாதாடிய ஜான் ஆடம்ஸ் மாசசூசெட்ஸில் கண்ணை மூடினார். ஒருவருக்கு 83 வயது, மற்றவருக்கு 90. இருவருமே ஜனாதிபதியாக இருந்தவர்கள். சரி, இதோடு முடிந்ததா என்றால் இல்லை. 1831-இல் ஐந்தாவது ஜனாதிபதி ஜேம்ஸ் மன்ரோ இறந்தார். தேதி? அதே ஜூலை 4.

முதல் ஐந்து ஜனாதிபதிகளில் மூன்று பேர் ஒரே தேதியில் இறந்திருக்கிறார்கள். கேட்டால் உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. அன்றைய அமெரிக்கர்கள் பலர் இதைக் கடவுள் போட்ட முத்திரை என்றே நம்பினார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பொதுவாக நான்காவது ஜனாதிபதியைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். ஜேம்ஸ் மேடிசன் இறந்தது 1836 ஜூன் 28. ஆறு நாள் முந்திவிட்டார். அந்த ஆறு நாள் தாண்டியிருந்தால் அவரும் கதைக்குள் வந்திருப்பார். தாண்டாததால் அவர் பெயரே அடிபடுவதில்லை. ஒரே தேதிக் கதைகள் எல்லாவற்றிலும் இந்தச் சங்கதி உண்டு. பொருந்தியவை ஊர் சுற்றும், பொருந்தாதவை வீட்டிலேயே இருந்துவிடும்.

'வரலாற்றில் இன்று' என்ற தலைப்பில் தினமும் ஏதாவது ஒரு பட்டியல் நம் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. நானும் இந்தப் பட்டியல்களின் ரசிகன்தான். பள்ளி நாட்களில் ஒரு பழைய டைரியில், அச்சடித்த வருடத்தைப் பொருட்படுத்தாமல், ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் அன்று நடந்ததை எழுதி வைப்பேன். நியூட்டனை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று வந்தபோதுதான் முதல் குழப்பம். ஒரு புத்தகம் டிசம்பர் 25 என்றது, இன்னொன்று ஜனவரி 4 என்றது. அந்தக் குழப்பத்தின் விடையைப் பின்னால் பார்க்கலாம். 'இரண்டு சம்பவங்கள் ஒரே தேதியில் நடந்தன' என்று ஒருவர் சொன்னால் அதற்கு உண்மையில் என்ன பொருள்? அதுதான் இந்தக் கட்டுரை.

எண்ணிப் பார்த்தால்

வருடத்துக்கு 365 நாள், லீப் வருடமானால் 366. அவ்வளவுதான் இடம். வரலாறோ நூற்றாண்டு நூற்றாண்டாகக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. பெட்டிகள் கொஞ்சம், பொருட்கள் ஏராளம் என்றால் ஒரே பெட்டியில் பல விழுந்துதானே ஆக வேண்டும்? 367 பேர் கூடியிருக்கும் இடத்தில் குறைந்தது இரண்டு பேருக்காவது ஒரே பிறந்த தேதி இருந்தே தீரும். இதற்குக் கணக்குப் புலமை வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும்.

உண்மையில் 367 வரை போகவே தேவையில்லை. வெறும் 23 பேர் இருந்தாலே, அவர்களில் யாரோ இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும், சுமார் 50.7 சதவீதம். முதல் முறை கேட்பவர்கள் நம்ப மறுக்கும் கணக்கு இது. 365 நாளில் 23 பேர் என்றால் நாட்களில் பெரும்பகுதி காலியாகத்தானே கிடக்கும் என்று தோன்றும். நாம் தவறவிடுவது என்னவென்றால், இங்கே ஒப்பிடுவது ஆட்களையும் நாட்களையும் அல்ல, ஆட்களை ஆட்களோடு. 23 பேரில் ஒவ்வொருவரையும் மற்ற 22 பேரோடு ஒப்பிட்டால் மொத்தம் 253 ஜோடிகள் கிடைக்கும். 253 முறை சீட்டுக் குலுக்கினால் ஒரு முறையாவது விழாதா?

வேண்டுமானால் மறுபக்கமாகவும் போட்டுப் பார்க்கலாம். முதல் ஆளுக்கு எந்த நாளும் சரி. இரண்டாவது ஆள் அவரோடு மோதாமல் தப்ப 365-இல் 364 வாய்ப்பு. மூன்றாவது ஆள் முதல் இருவரிடமிருந்தும் தப்ப 363. இப்படியே குறைந்துகொண்டு வரும் பின்னங்களை எல்லாம் பெருக்கினால், 23-ஆவது ஆள் வரும்போது யாருமே மோதாமல் இருக்கும் வாய்ப்பு 49.3 சதவீதமாக இறங்கிவிடுகிறது. 40 பேர் ஆகும்போது மோதல் இருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 89 சதவீதம். அமெரிக்க ஜனாதிபதிகள் நாற்பத்துச் சொச்சம் பேர். அவர்களில் இருவர் ஒரே தேதியில் பிறந்திருக்க வேண்டுமே என்று தேடினால், இருக்கிறார்கள்: ஜேம்ஸ் போல்க், வாரன் ஹார்டிங். இருவருக்கும் நவம்பர் 2.

ஆனால் கேள்வியைச் சற்றே மாற்றினால் விடை அடியோடு மாறிவிடும். 'யாரோ இருவர்' என்று கேட்காமல், 'என் பிறந்தநாளில் பிறந்த ஒருவர்' என்று கேட்டுப் பாருங்கள். பாதி வாய்ப்புக்கு இப்போது 23 பேர் போதாது, 253 பேர் வேண்டும். எந்தத் தேதியானாலும் சரி என்று வலை வீசுவது ஒன்று, இந்தத் தேதிதான் என்று தூண்டில் போடுவது வேறொன்று. பட்டியல் தயாரிப்பவர்கள் வலை வீசுகிறார்கள். படிக்கும் நாம் தூண்டிலில் சிக்கியது என்று நினைத்து வியக்கிறோம்.

உலக வரலாற்றில் பேர்பெற்ற சம்பவங்கள் என்று 10,000 எடுத்துக்கொள்வோம். சமமாகப் பிரித்தாலே ஒரு தேதிக்கு 27 விழும். அந்த 27-க்குள் 351 ஜோடி. எல்லாத் தேதிகளையும் சேர்த்தால் 'ஒரே தேதி' ஜோடிகள் 1 லட்சத்து 28 ஆயிரத்தைத் தாண்டும். அவற்றில் சில ஜோடிகளாவது வாய் பிளக்க வைக்கும் அளவுக்குப் பொருந்தாவிட்டால்தான் அதிசயம்.

ஸ்டீபன் ஹாக்கிங் கதை இதற்கு நல்ல உதாரணம். அவர் பிறந்தது 1942 ஜனவரி 8. அது கலிலியோ இறந்து சரியாக 300 ஆண்டுகள் நிறைந்த நாள். அவர் இறந்தது 2018 மார்ச் 14, ஐன்ஸ்டைன் பிறந்த தேதி. இந்த இரண்டையும் சேர்த்து ஏதோ விண்வெளியே திட்டமிட்டது போலப் பகிர்வார்கள். ஹாக்கிங் தன் பிறந்தநாள் பொருத்தத்தைத் தானே சொல்லிவிட்டு, அன்றைக்கு இன்னும் 2 லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கும் என்பது தன் மதிப்பீடு என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த 2 லட்சம் பேரும் கலிலியோவின் நினைவு நாளில் பிறந்தவர்கள்தான்.

ஜெஃபர்சன், ஆடம்ஸ் விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் இழுபறி உண்டு. ஜூலை 3 இரவு, நினைவு தப்பித் தப்பி வந்துகொண்டிருந்த ஜெஃபர்சன், நான்காம் தேதி வந்துவிட்டதா என்று கேட்டதாக உடனிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு நாளுக்காக உயிரைப் பிடித்து வைத்திருக்க முடியுமா? மூன்று பேரை வைத்துக்கொண்டு அதற்கு ஆம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவரைப் பொறுத்தவரை அது ஏதோ ஒரு தேதி அல்ல என்பது மட்டும் தெரிகிறது.

தேதியை யாரோ குறித்தார்கள் என்றால்

மேலே சொன்ன கணக்கெல்லாம் சம்பவங்கள் தாமாக வந்து விழுந்தால்தான் பொருந்தும். பெரிய சம்பவங்களில் பல தாமாக விழுவதில்லை, நாள் குறித்து நடத்தப்படுகின்றன. நாள் குறிப்பவர் கையில் பழைய பட்டியல் இருக்கும்.

ஆகஸ்ட் 15-ஐ எடுத்துக்கொள்வோம். எல்லா வகைப் பொருத்தமும் அந்த ஒரே தேதியில் கிடைக்கின்றன. 1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோ வானொலியில் பேசி, ஜப்பான் சரணடைவதை அறிவித்தார். அப்போது தென்கிழக்கு ஆசியாவில் நேசநாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டன். இரண்டு வருடம் கழித்து அவர் இந்தியாவின் வைஸ்ராய். அதிகாரம் எந்த நாளில் கைமாறும் என்று 1947 ஜூனில் பத்திரிகையாளர்கள் கேட்டபோது அவர் சொன்ன தேதி ஆகஸ்ட் 15. ஏன் அந்தத் தேதி என்பதற்கு அவரே பின்னாளில் காரணம் சொல்லியிருக்கிறார்: ஜப்பான் சரணடைந்ததன் இரண்டாம் ஆண்டு நிறைவு அது.

இன்னொரு பக்கம் கொரியா. 1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் கொரியா அதன் பிடியிலிருந்து விடுபட்டது. அந்தத் தேதிக்கு மரியாதையாக, 1948 ஆகஸ்ட் 15 அன்று தென்கொரிய அரசு முறைப்படி அறிவிக்கப்பட்டது. ஆக, இந்தியாவும் கொரியாவும் ஒரே நாளில் விடுதலை நாள் கொண்டாடுகின்றன என்றால் அது தற்செயலும் இல்லை, இரண்டு நாடுகளும் கூடிப் பேசி வைத்ததும் இல்லை. இரண்டுக்கும் வேர் ஒன்று, டோக்கியோ வானொலியில் ஒலித்த அந்தப் பேச்சு.

அதே ஆகஸ்ட் 15-இல்தான் நெப்போலியன் பிறந்தார், 1769-இல். அரவிந்தர் பிறந்தார், 1872-இல். பனாமா கால்வாய் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது, 1914-இல். இவற்றுக்கும் ஹிரோஹிட்டோவின் பேச்சுக்கும் எந்த ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒரே பட்டியலில் அடுத்தடுத்த வரிகளாக அச்சிடும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. எனக்கு இந்தப் பட்டியல்களிடம் இருக்கும் ஒரே மனக்குறை இதுதான்.

ஜனவரி 26-உம் இதே ரகம். 1930-இல் காங்கிரஸ் அன்றைய தினத்தை முழு விடுதலை நாளாகக் கடைப்பிடித்தது. அரசியலமைப்புச் சட்டம் 1949 நவம்பர் 26 அன்றே ஏற்கப்பட்டுவிட்டாலும், முழுமையாக நடைமுறைக்கு வர 1950 ஜனவரி 26 வரை காத்திருந்தது இந்தப் பழைய தேதிக்காகத்தான். 1788 ஜனவரி 26 அன்று பிரிட்டிஷ் கப்பல்கள் சிட்னிக் கரையில் குடியேற்றம் அமைக்க வந்து இறங்கியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஐரோப்பாவில் ஒரே தேதியை மூன்று தலைமுறை பந்தாடியிருக்கிறது. 1701 ஜனவரி 18 அன்று ஜெர்மானிய அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் முதல் மன்னர் முடிசூடினார். 170 ஆண்டுகள் கழித்து, பிரான்ஸைத் தோற்கடித்த பிரஷ்யர்கள் அதே ஜனவரி 18-இல், பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் ஜெர்மன் பேரரசை அறிவித்தார்கள். பிரான்ஸ் மறக்கவில்லை. முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதும் பாரிஸ் அமைதி மாநாடு கூடிய நாள் 1919 ஜனவரி 18. மாநாட்டின் முடிவில் ஜெர்மனி கையெழுத்துப் போட வரவழைக்கப்பட்ட இடமும் அதே கண்ணாடி மண்டபம்தான். கையெழுத்தான நாள் ஜூன் 28. அதே தேதியில்தான் ஐந்து வருடம் முன்பு சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டுப் போர் மூண்டது.

நவம்பர் 9 இன்னும் சிக்கலானது. ஜெர்மானியர்கள் அதை விதியின் நாள் என்றே சொல்வார்கள். 1918-இல் அன்று பேரரசர் போய்க் குடியரசு வந்தது. 1923-இல் அன்று, முதல் நாள் இரவு மியூனிக்கின் மதுக்கூடம் ஒன்றில் ஹிட்லர் தொடங்கிய ஆட்சிக் கவிழ்ப்பு தெருவில் துப்பாக்கிச் சூட்டோடு முடிந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அந்தத் தோல்வியை ஆண்டுதோறும் நினைவு விழாவாகக் கொண்டாடினார். 1938-இலும் நவம்பர் 9 அன்று கட்சித் தலைவர்கள் எல்லாரும் விழாவுக்காக மியூனிக்கில் கூடியிருந்தார்கள். பாரிஸில் சுடப்பட்டிருந்த ஒரு ஜெர்மன் தூதரக அதிகாரி இறந்துவிட்டார் என்ற செய்தி அங்கே வந்தது. ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபெல்ஸ் எழுந்து பேசினார். அன்றிரவே நாடெங்கும் யூதர்களின் வழிபாட்டுக் கூடங்கள் எரிந்தன, கடைகள் நொறுக்கப்பட்டன. இங்கே 1923-உம் 1938-உம் வெறுமனே ஒரே தேதியில் நடக்கவில்லை. முதலாவதன் நினைவு விழாதான் இரண்டாவதற்கு மேடை ஆனது.

1989 நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறந்ததோ நேர்மாறு. புதிய பயண விதிகள் எப்போது நடைமுறைக்கு வரும் என்று பத்திரிகையாளர் ஒருவர் கேட்க, கிழக்கு ஜெர்மனியின் செய்தித் தொடர்பாளர் ஷபோவ்ஸ்கி கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உடனடியாக, தாமதமின்றி என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். மக்கள் சுவரை நோக்கிப் போய்விட்டார்கள். யாரும் குறித்த நாள் அல்ல அது. அப்புறம் தேசிய நாளாக எதை வைப்பது என்ற கேள்வி வந்தபோது, 1938-இன் நிழல் விழுந்த நவம்பர் 9-ஐ விட்டுவிட்டு, இரு ஜெர்மனிகளும் இணைந்த அக்டோபர் 3-ஐ எடுத்துக்கொண்டார்கள். ஒரு தேதியைத் தேர்ந்தெடுப்பது போலவே தவிர்ப்பதும் உண்டு.

நிர்வாகத் தேதிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜனவரி 1-இல் ஏராளமான சட்டங்களும் நாணயங்களும் நாடுகளும் பிறந்திருக்கின்றன. செக்கோஸ்லோவாக்கியா இரண்டாகப் பிரிந்ததும் 1993 ஜனவரி 1-இல்தான். கணக்குத் தொடங்க வசதி, வேறொன்றுமில்லை.

இரண்டு நாள்காட்டிகள், ஒரே எண்

இப்போது நியூட்டனுக்கு வருவோம். அதற்கு முன்னால் ஷேக்ஸ்பியர்.

ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். 1616-இல் அதே தேதியில்தான் ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸும் இறந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். இலக்கிய உலகின் இரண்டு சிகரங்கள் ஒரே நாளில் சாய்ந்தன என்றால் கேட்கவே அழகாக இருக்கிறது. ஆனால் ஷேக்ஸ்பியர், செர்வாண்டிஸுக்குப் பிறகு பத்து நாளுக்கு மேல் உயிரோடு இருந்தார்!

எப்படி? ஜூலியஸ் சீசர் காலத்தில் வந்த நாள்காட்டி, வருடத்துக்கு 365 நாளும் 6 மணி நேரமும் என்று வைத்துக்கொண்டு நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஒரு நாளைச் சேர்த்தது. உண்மையான வருடம் அதைவிட 11 நிமிடம் குறைவு. 11 நிமிடம்தானே என்று விட்டுவிட்டார்கள். அது 128 வருடத்துக்கு ஒரு நாள் வீதம் சேர்ந்துகொண்டே போய், 16-ஆம் நூற்றாண்டில் பத்து நாள் பிசகாகிவிட்டது. வசந்தகாலச் சம இரவு நாள் மார்ச் 21-இல் வர வேண்டியது, மார்ச் 11-இல் வந்தது. ஈஸ்டர் பண்டிகையின் கணக்கே அதை நம்பித்தான் இருந்தது. ஆகவே போப் பதின்மூன்றாம் கிரிகோரி 1582-இல் ஒரே வெட்டாக வெட்டினார். அக்டோபர் 4 வியாழக்கிழமை இரவு தூங்கியவர்கள், அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை எழுந்தார்கள். ஸ்பானியக் கன்னித்துறவி ஆவிலாவின் புனித தெரசா இறந்தது அந்த இரவில்தான். அவர் இறந்தது 4-ஆம் தேதியா, 15-ஆம் தேதியா என்று எழுதுபவர்களுக்கு இன்றுவரை சங்கடம்.

கூடவே லீப் வருட விதியும் திருத்தப்பட்டது. நூற்றாண்டு வருடம் 400-ஆல் வகுபட்டால்தான் லீப் வருடம். 1600 உண்டு, 1700, 1800, 1900 கிடையாது, 2000 உண்டு. 1896 பிப்ரவரி 29-இல் பிறந்த மொரார்ஜி தேசாய், இந்த விதியால் தன் பிறந்த தேதியை மறுபடி பார்க்க 1904 வரை எட்டு வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஸ்பெயின், இத்தாலி போன்ற கத்தோலிக்க நாடுகள் உடனே மாறிவிட்டன. போப் சொல்லி நாம் கேட்பதா என்று இங்கிலாந்து மாறவில்லை. அதனால் 1616-இல் ஸ்பெயினின் ஏப்ரல் 23-உம் இங்கிலாந்தின் ஏப்ரல் 23-உம் பத்து நாள் தள்ளித் தள்ளி வந்தன. ஷேக்ஸ்பியர் இறந்த நாள் ஸ்பானியக் கணக்கில் மே 3. இன்னும் நெருங்கிப் பார்த்தால், செர்வாண்டிஸ் இறந்ததே ஏப்ரல் 22 என்கிறார்கள். 23 அடக்கம் செய்யப்பட்ட நாள். ஆக, ஒத்துப்போவது எண் மட்டும்தான்.

நியூட்டன் கதையும் இதுவே. இங்கிலாந்துக் கணக்கில் அவர் பிறந்தது 1642 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். இன்றைய கணக்கில் 1643 ஜனவரி 4. என் டைரியின் இரண்டு பக்கங்களும் சரிதான். ஒரே காலையின் இரண்டு பெயர்கள். இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. கலிலியோ இறந்த வருடத்தில் நியூட்டன் பிறந்தார் என்று எத்தனையோ முறை படித்திருப்போம். கலிலியோ இத்தாலியில் இறந்தது புதிய கணக்கில் 1642 ஜனவரி 8. இருவரையும் புதிய கணக்கில் வைத்தால் ஒருவர் 1642, மற்றவர் 1643. இருவரையும் பழைய கணக்கில் வைத்தால் கலிலியோ 1641 டிசம்பர் 29-க்குப் போய்விடுவார், நியூட்டன் 1642-இல் நிற்பார். எந்தக் கணக்கை எடுத்தாலும் வருடம் ஒத்துப்போகாது. ஒருவருக்குப் புதியது, மற்றவருக்குப் பழையது என்று கலந்தால் மட்டுமே ஒத்துப்போகும்!

இங்கிலாந்து ஒருவழியாக 1752-இல் மாறியது. செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. அதற்குள் பிசகு 11 நாளாகியிருந்தது. ரஷ்யா 1918 வரை பொறுத்தது. 13 நாள் போயிற்று. அதனால்தான் அங்கே பழைய கணக்கில் அக்டோபர் 25-இல் நடந்த 'அக்டோபர் புரட்சி'யை ஒவ்வொரு வருடமும் நவம்பர் 7-இல் கொண்டாடினார்கள்.

எனவே பழைய ஐரோப்பியத் தேதி எதையாவது இருபதாம் நூற்றாண்டுத் தேதியோடு ஜோடி சேர்க்கும்போது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது 1649 ஜனவரி 30, காந்தி சுடப்பட்டது 1948 ஜனவரி 30 என்று பட்டியல்கள் அடுத்தடுத்து எழுதும். சார்லஸின் தேதி பழைய கணக்கு. இன்றைய கணக்கில் அது பிப்ரவரி 9. அதைவிட, அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறக்கும் என்பதால், அப்போதைய ஆவணங்களில் அந்த ஜனவரி 1648-ஆம் வருடத்தைச் சேர்ந்தது.

சம்பவம் எப்போது 'நடந்தது'?

நாள்காட்டிச் சிக்கல் தீர்ந்தாலும் இன்னொன்று மிச்சம் இருக்கிறது. ஒரு பெரிய சம்பவம் ஒரு நொடியில் நடந்து முடிவதில்லை. அமெரிக்க விடுதலைக்கான தீர்மானம் நிறைவேறியது 1776 ஜூலை 2-இல். வருங்காலத் தலைமுறைகள் ஜூலை 2-ஐத்தான் திருவிழாவாகக் கொண்டாடும் என்று ஆடம்ஸ் தன் மனைவிக்குக் கடிதமே எழுதினார். ஜூலை 4 என்பது பிரகடனத்தின் வாசகம் ஏற்கப்பட்ட நாள். பெரும்பாலானவர்கள் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2-இல். ஆடம்ஸ் சொன்ன தேதியே நிலைத்திருந்தால் இந்தக் கட்டுரையின் முதல் பத்தியே இருந்திருக்காது.

நள்ளிரவைத் தாண்டும் சம்பவங்கள் இன்னும் வம்பு. ஆபிரகாம் லிங்கன் 1865 ஏப்ரல் 14 இரவு சுடப்பட்டார், 15 காலையில் இறந்தார். டைட்டானிக் 1912 ஏப்ரல் 14 இரவு 11:40-க்குப் பனிப்பாறையில் மோதியது, 15 அதிகாலை 2:20-க்கு மூழ்கியது. இரண்டையும் 14-இலும் எழுதலாம், 15-இலும் எழுதலாம். பாரதியாரின் மறைவு நாள் செப்டம்பர் 11-ஆ, 12-ஆ என்ற பேச்சும் இதே காரணத்தால் வந்ததுதான். 1921-இல் அவர் உயிர் பிரிந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. பாகிஸ்தான் விஷயத்தில் சட்டப்படி நாடு பிறந்தது 1947 ஆகஸ்ட் 15. முதல் நினைவுத் தபால்தலைகளிலும் அந்தத் தேதிதான் இருக்கிறது. மவுண்ட்பேட்டன் கராச்சிக்கு வந்து விழா நடத்தியது 14-இல். 1948 முதல் 14-ஐயே விடுதலை நாளாக வைத்துக்கொண்டார்கள்.

பூமி உருண்டை என்பதால் வரும் சிக்கல் தனி. நிலவில் மனிதன் இறங்கியது ஜூலை 20 என்று உலகமே சொல்கிறது. அது அமெரிக்கக் கடிகாரம். அந்த நேரம் இந்தியாவில் ஜூலை 21 அதிகாலை 1:47. ஆம்ஸ்ட்ராங் கால் பதித்தபோது அங்கே இன்னும் 20-ஆம் தேதி இரவு, இங்கே விடிந்து எட்டரை மணி ஆகப்போகிறது. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்தது மேற்கு நாடுகளுக்கு மே 8, ரஷ்யாவுக்கு மே 9. சரணடைவு நடைமுறைக்கு வந்தது நள்ளிரவுக்கு ஒரு மணி நேரம் முன்பு. மாஸ்கோவில் அதற்குள் தேதி மாறியிருந்தது.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது 1941 டிசம்பர். ஹவாய்த் தீவிலுள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் குண்டு வீசியது டிசம்பர் 7 காலை. மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை கரையிறங்கியது டிசம்பர் 8. தேதியை மட்டும் பார்த்தால் முதலில் ஹவாய், மறுநாள் மலாயா. உண்மையில் முதலில் நடந்தது மலாயாதான், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்னதாக. நடுவே சர்வதேசத் தேதிக் கோடு கிடப்பதால் முந்தியது பிந்தியதாகிவிட்டது. ஜப்பானியக் கணக்கில் இரண்டுமே டிசம்பர் 8.

அந்தக் கோடும் கல்லில் செதுக்கியது அல்ல, நாடுகள் தங்கள் வசதிக்கு நகர்த்திக்கொள்கின்றன. பசிபிக் தீவு நாடான சமோவா நெடுங்காலம் கோட்டின் அமெரிக்கப் பக்கம் இருந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடுதான் வியாபாரம் அதிகம். அங்கே திங்கட்கிழமை வேலை தொடங்கும்போது சமோவாவில் ஞாயிறு, சமோவாவில் வெள்ளி வேலை நடக்கும்போது அங்கே சனி விடுமுறை. இது சரிப்படாது என்று 2011-இன் கடைசியில் கோட்டின் மறுபக்கம் தாவிவிட்டார்கள். டிசம்பர் 29 வியாழக்கிழமை நள்ளிரவு அடித்ததும் டிசம்பர் 31 சனிக்கிழமை தொடங்கியது. 2011 டிசம்பர் 30-இல் சமோவாவில் பிறந்தவரும் இல்லை, இறந்தவரும் இல்லை.